கணினி கேள்வி – பதில்: சர்வர் அறைக்கு இரண்டாம் வாசல்

கேள்வி: இராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலையின் சர்வர்களைக் காட்பாடியிலிருந்தே கவனித்து வருகிறேன். சென்ற மாதம் இரவில் பயர்வாலில் ஒரு விதியை மாற்றியதும் தொடர்பு அறுந்துபோய், திருவலம் வழியாக நள்ளிரவில் பைக்கில் ஓட வேண்டியதாயிற்று. சர்வரைத் தொலைவிலிருந்தே இயக்க உதவும் ஐலோ அதில் இருந்தும், அது ஏன் கைகொடுக்கவில்லை?
– வாசகர், காட்பாடி

பதில்: ஐலோவின் மீது குற்றமில்லை, அதன் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது அலுவலக ஸ்விட்சில், நீங்கள் மாற்றிய அதே பயர்வாலுக்குப் பின்னால்தான் இருக்கும்.

ஐலோ, ஐடிராக் என்று நிறுவனத்துக்கொரு பெயர் இருந்தாலும், பொதுவாக பிஎம்சி எனப்படுவது மதர்போர்டிலேயே தனிச் செயலியும் நினைவகமும் கொண்டு இயங்கும் ஒரு சிறு கணினி. சர்வர் அணைந்திருந்தாலும் மின்கேபிளில் மின்சாரம் வரும்வரை அது விழித்திருக்கும். பயாஸ் திரையைக் காட்டும், விண்டோஸ் உறைந்துபோனால் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுக்கும். ஆனால் அதை அடையும் பாதை அறுந்துவிட்டால் அத்தனையும் வீண். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணிநேரம் முடங்கியபோது, அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி வலையமைப்பும் கூடவே விழுந்ததால், பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியிருந்தது. உங்கள் பைக் பயணமும் அந்த வகைதான்.

ஆகவே 4ஜி மோடம் ஒன்றை, உங்கள் ஃபைபர் இணைப்பைத் தரும் நிறுவனத்தினுடையதல்லாத சிம்முடன், யூபிஎஸ்ஸில் வையுங்கள். பயர்வாலிலும் ஸ்விட்சிலும் பெரும்பாலும் பிஎம்சி இருக்காது. அவற்றுக்கு நேரடியாகக் கட்டளை தருவதற்கான கன்சோல் போர்ட்டிலிருந்து கேபிளை, அதைத் தொலைவிலிருந்து அணுகவைக்கும் ஒரு கன்சோல் சர்வருக்குக் கொண்டுவந்து, அதையும் ஐலோவையும் இந்த மோடத்தின் பக்கம் தனியாக இணைக்க வேண்டும். சாதாரண சிம்மில் வெளியிலிருந்து நேரே அணுகக்கூடிய முகவரி பொதுவாகக் கிடைக்காது என்பதால், மோடமே உள்ளிருந்து உங்கள் விபிஎன் (இணையத்தின் ஊடே பாதுகாப்பான தனிப்பாதை) சர்வரை அழைத்துத் தொடர்பைத் திறந்துவைக்கும்படி அமைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். கன்சோலின் வேகம் பல கருவிகளில் 9600 பாடு (நொடிக்கு 9600 பிட்) மட்டுமே. எழுத்துகள் மெதுவாக ஊர்ந்து வந்தாலும், தப்பான ஒரு விதியை நீக்க அது தாராளம்.

செலவில்லாத ஒரு வழியும் உண்டு. ஜூனிபர் நிறுவனத்தின் நெட்வொர்க் கருவிகளில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்று கொடுத்தால், நீங்கள் மறுபடி உறுதிசெய்யாவிட்டால் 10 நிமிடத்தில் பழைய அமைப்பு தானாகவே திரும்பிவிடும். உங்கள் பயர்வாலில் இதுபோன்ற வசதி இருக்கிறதா என்று மோடம் வாங்கும் முன்பே பாருங்கள்.

கேள்வி: நல்ல கடவுச்சொல் வைத்துவிட்டு பிஎம்சியை நேரே இணையத்தில் திறந்துவைக்கலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: கூடவே கூடாது. பிஎம்சியுடன் நெட்வொர்க் வழியாகப் பேசப் பயன்படும், 2004-இல் வந்த ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையின் வடிவமைப்பிலேயே ஓட்டை இருக்கிறது: பயனர் பெயர் தெரிந்த எவர் கேட்டாலும், உள்ளே விடும் முன்பே, கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டுப் பெறப்பட்ட குறியீடான ஹேஷைக் கொடுத்துவிடும். அதை வாங்கிப் போனவர் தம் கணினியில் ஆற அமர உடைத்துப் பார்க்கலாம். ஐபிஎம்ஐ பயன்படுத்தும் யூடிபி 623 போர்ட்டை இணையத்துக்கு மூடி, விபிஎன் வழியாக மட்டும் நுழையுங்கள். இணையப் பக்கம் வழியாகவே எல்லாம் முடிகிறதென்றால் நெட்வொர்க் வழி ஐபிஎம்ஐயை அமைப்பிலேயே அணைத்துவிடலாம்.