சொந்தமா பெர்ஃப்யூம் பண்றவங்க ஒரு வாசனைய எப்படி உருவாக்குறாங்க?

அஞ்சு வருஷமா வீட்டுல ஒரு சின்ன ரூம்ல பண்ணிட்டு இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன். நாலு எண்ணெய வாங்கி கலக்குறதுதான் இந்த வேலைன்னு பலபேர் நினைக்கிறாங்க. என்னக் கேட்டா முக்கால்வாசி வேலை ஒரு வாசனைய பொறுமையா மோந்து பார்த்து அதுல என்னென்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்க்கறதுதான்.

இப்ப நான் பண்ணிட்டு இருக்கறது மல்லிப்பூ வாசனை. கடையில விக்கிற மல்லி சென்ட் மாதிரி இல்ல, ராத்திரி பத்து மணிக்கு அம்மா தலையில தேங்காண்ணெயோட சேர்ந்து லேசா வாட ஆரம்பிச்ச பூ இருக்கும்ல, அது. மல்லி சூடு தாங்காது, அதனால சத்தியமங்கலம் பக்கமெல்லாம் ஹெக்சேன்ங்கற கரைப்பான்ல வாசனைய இறக்கி, அப்சல்யூட்னு சொல்ற அடர்த்தியான வாசனைச் சாறு எடுக்குறாங்க. விலை ரொம்ப அதிகம், நான் கிராம் கணக்குலதான் வாங்குவேன். ஆசையா பாட்டில தொறந்தா பூ மாதிரியே இல்ல, பூவுல காய்ச்சின ஜாம் மாதிரி அடர்த்தியா கொஞ்சம் திராட்சை வாசத்தோட இருந்துச்சு (அந்த திராட்சை மீதைல் ஆந்த்ரனிலேட், மல்லியிலயே இருக்கற பொருள்தான்).

அப்புறம் நாலு நாள் பூ வாங்கி மணிக்கொரு தடவ மோந்து நோட்டுல எழுதினேன். சாயங்காலம் மொட்டா இருக்கறப்ப பச்சை வாசம், விரிஞ்சதும் இனிப்பு, நேரம் ஆக ஆக இண்டோல் (இதுவும் மல்லியிலயே இருக்கற பொருள்தான்) தூக்கலா தெரியுது. இந்த இண்டோல தனியா மோந்தா பாச்சா உருண்டை மாதிரி இருக்கும், ஆனா அது இல்லாம மல்லி சோப்பு வாசனையாயிடும். ஒரு சதவீதக் கரைசலாக்கி சொட்டு சொட்டா தராசுல வச்சுதான் சேர்க்கணும், ஒரு சொட்டு கூடினாலும் மொத்தமும் போச்சு. நாலாவது நாள்தான் புரிஞ்சுது, எனக்கு ஞாபகம் இருக்கற வாசனையில பாதி பூவே இல்ல, பூ கட்டின ஈர வாழை நார்.

இந்த விஷயத்துல எனக்கு குரு மாதிரின்னா பிரான்ஸ்ல பெர்ஃப்யூம் உருவாக்கிட்டு இருந்த எட்மண்ட் ருட்னிட்ஸ்கா. 1946லயே சொந்தமா ஆர்ட் எ பர்ஃபம்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு தனியா வேலை பார்த்தவர். லில்லி ஆஃப் தி வேலி பூவுல இருந்து எண்ணெய் எடுக்க முடியாது, அதனால அந்தச் செடிய தன் தோட்டத்துலயே வளர்த்து மோந்து மோந்து ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால் மாதிரி செயற்கைப் பொருள்கள வச்சு 1956ல டியோரிஸ்ஸிமோங்கற பெர்ஃப்யூம பண்ணார். செயற்கைப் பொருள் சேர்த்தா ஏமாத்து வேலைன்னு சொல்றவங்ககிட்ட நான் இதத்தான் சொல்வேன், பூவே தர மறுத்தத அவர் கண்ணால பார்த்து மூக்கால படிச்சு திருப்பிக் கட்டியிருக்கார்.

ஆரம்பத்துல நான் 23 பொருள் போட்டு ஒரு ஃபார்முலா எழுதினேன், எதுவுமே தனியா தெரியாம சேறு மாதிரி கலங்கிடுச்சு. இப்ப ஒவ்வொண்ணா எடுத்துட்டு மோந்து பார்ப்பேன், அது இல்லாதது தெரியலன்னா அது தேவையில்ல. 23 இப்ப 11 ஆயிருக்கு. ஒவ்வொரு ட்ரையலையும் ரெண்டு மூணு வாரம் ஊற விட்டு, பேப்பர் ஸ்ட்ரிப்லயும் கையிலயும் போட்டு மறுநாள் காலையில வரைக்கும் பார்க்கணும், அவசரப்படவே முடியாது.

இன்னும் முடியல. 19வது ட்ரையல்ல நார் வாசனை வந்துடுச்சு, சிஸ்-3-ஹெக்ஸெனால்ல கொண்டு வந்தேன், வெட்டின புல்லு வாசனை அது. ஆனா தோல்ல போட்டா கொஞ்ச நேரத்துல அது மட்டும் பறந்துடுது. புடிச்சு வைக்குமான்னு பார்க்க 20வதுல வெட்டிவேர் எண்ணெய் கொஞ்சமா சேர்த்து ஊற வச்சிருக்கேன்.