கேள்வி-பதில்: ஏ.சி. பம்பும் எஸ்டிமேட் சீட்டும்

கேள்வி: அப்பா காலத்து வில்லிஸ் பிக்கப், பெட்ரோல் எஞ்சின். ஆறு மாதத்தில் மூன்று ஏ.சி. பம்ப் மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றும் இரண்டு மாதத்தில் படுத்துவிடுகிறது. கடை அண்ணாச்சி, "பம்ப் ஒரிஜினல், உங்கள் எஞ்சினில்தான் கோளாறு" என்கிறார். — அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்

பதில்: ஏ.சி. பம்ப் என்றதும் குளிர்சாதனத்தை நினைப்பவர்களுக்காக: பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏற்றும் மெக்கானிக்கல் பம்புக்கு, பழைய கம்பெனிப் பெயரை வைத்துப் பட்டறைகளில் வழங்கும் பெயர் இது. எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கேம் ஷாஃப்டின் மேடு பம்பின் கையை அசைக்கும். கை டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். பிறகு ஸ்பிரிங் அதைக் கார்புரேட்டருக்குத் தள்ளும். இந்தக் கூட்டத்தில் முதலில் சாவது ரப்பர்தான்.

முதலில் பம்பை விட்டுவிட்டு ஹோஸைப் பாருங்கள். டேங்கிலிருந்து வரும் பைப்பைப் பம்போடு சேர்க்கும் ஒரு சாண் ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும், பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது. பழி பம்பின் தலையில் விழும். ஹோஸை மாற்றியபின், கார்புரேட்டர் பக்கத்து பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயில் வயரைப் பிடுங்கிவிட்டு, செல்ஃப் அடித்துப் பாருங்கள். விட்டு விட்டுப் பலமாகப் பீய்ச்சினால் பம்ப் பிழைத்திருக்கிறது. பக்கத்தில் பீடி பிடிப்பவரை முதலில் அனுப்பிவிடுங்கள்.

அப்போதும் பம்ப்தான் என்றால், பம்பின் உடலில் இருக்கும் சிறு ஓட்டையைக் கவனியுங்கள். அதில் பெட்ரோல் சொட்டினால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. ஆயில் குச்சியை உருவி முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், அல்லது ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தால், வண்டியை எடுக்காதீர்கள். நீர்த்துப்போன ஆயிலில் ஓடினால் பேரிங் போகும். பம்போடு ஆயிலையும் மாற்ற வேண்டும்.

மூன்று பம்பும் ஒரே விதமாகச் சாவதற்கு இன்னொரு காரணம் பெட்ரோல் பங்கில் இருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. பழைய வகை ரப்பர் அதில் ஊறி உப்பும், இல்லையென்றால் விறைத்துப்போகும். எத்தனாலைத் தாங்கும் டயஃப்ரமா என்று கடையில் கேளுங்கள். "எல்லாம் தாங்கும்" என்று பதில் வந்தால், அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போது அண்ணாச்சியின் முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்கு அதே பம்ப் கிடைக்கிறது. பில் கிடையாதாம். வாங்கலாமா? — வள்ளியூர்

பதில்: வேண்டாம்.

கேள்வி: ஹரிக்கேன் நான்கு சிலிண்டர் எஞ்சின். புதுப் பம்ப் போட்டதிலிருந்து வண்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் வைப்பர் நின்றுவிட்டது. பழைய பம்பில் நான்கு பைப் இருந்தன; புதியதில் இரண்டுதான். பழையதை மெக்கானிக் "காயலான் சரக்கு" என்று சொல்லி எடுத்துக்கொண்டார். — சேரன்மகாதேவி

பதில்: வயிறு எரிகிறது ஐயா. உங்களுடையது இரட்டைப் பம்ப். ஒரு பாதி பெட்ரோலுக்கு, மறு பாதி வைப்பரை ஓட்டும் வெற்றிடத்துக்கு. அந்தக் காலத்து வைப்பருக்கு மோட்டார் இல்லை. எஞ்சின் உறிஞ்சும் காற்றில்தான் ஆடும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அந்த உறிஞ்சல் குறையும், வைப்பர் பாதிக் கண்ணாடியில் தூங்கிவிடும். அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் பம்பில் அந்த இரண்டாவது பாதி. மணிமுத்தாறு மேட்டில் மழையில் ஏறியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஒற்றைப் பம்பால் எஞ்சினுக்குக் குறையில்லை. ஆனால் எஞ்சினுக்குக் காற்று போகும் மானிஃபோல்டிலிருந்து வந்த வெற்றிடப் பைப்பை மெக்கானிக் மூடினாரா, திறந்தே விட்டாரா என்று பாருங்கள். திறந்திருந்தால் கள்ளக் காற்று புகுந்து ஐட்லிங் தடுமாறும்.

பிறகு நேரே பட்டறைக்குப் போய்ப் பழைய பம்பைக் கேளுங்கள். அது உங்கள் சொத்து. டயஃப்ரம், வால்வு, கேஸ்கெட் அடங்கிய கிட் போட்டால் இரட்டைப் பம்பின் உடல் இன்னும் பல வருடம் உழைக்கும். காயலான் சரக்கு என்றால் அவருக்கு அது எதற்கு?

கேள்வி: மெக்கானிக்கல் பம்பே தொல்லை என்று, ஒரு மாருதி காரின் எலெக்ட்ரிக் பம்பை வாங்கி மாட்டினேன். கார்புரேட்டர் வழிகிறது. பம்பைத் திருப்பித் தர முடியுமா? — பாளையங்கோட்டை

பதில்: முடியாது, கேட்கவும் கூடாது. பம்பில் ஒரு குறையும் இல்லை. கார்புரேட்டருக்கு வேண்டியது சதுர அங்குலத்துக்கு நாலைந்து பவுண்டு அழுத்தம். கார்புரேட்டரே இல்லாத இஞ்செக்‌ஷன் காரின் பம்ப் நாற்பதுக்கு மேல் தள்ளும். குடத்தடியில் தீயணைப்பு வண்டிக் குழாயை வைத்துவிட்டுக் குடம் வழிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் வழிகிறது. இன்றைக்கே கழற்றுங்கள்.

கேள்வி: பத்தமடைப் பாய் என்று வாங்கினேன். துவைத்தால் சாயமும் போகவில்லை, கோரை வாசமும் இல்லை. — தூத்துக்குடி

பதில்: பிளாஸ்டிக்குக்கு ஏது வாசம்?

கேள்வி: பம்பைப் பொருத்தும்போதே அதன் கை முறிந்துவிட்டது. வாங்கி நான்கு நாள்தான். "விற்ற பொருள் திரும்ப வாங்கப்படமாட்டாது" என்று சீட்டில் அச்சிட்டிருக்கிறது என்கிறார் கடைக்காரர். வாழைத்தார் ஏற்றிப் பிழைக்கும் வண்டி. — களக்காடு

பதில்: முதலில் சங்கடமான கேள்வி. கேம் மேடு பம்பின் கையைத் தள்ளாத இடத்துக்கு எஞ்சினைச் சுற்றி வைத்துவிட்டுத்தானே மாட்டினார்கள்? கை மேட்டில் முட்டி நிற்க, ஒரு போல்ட்டை மட்டும் மாங்கு மாங்கென்று முறுக்கினால் எந்தப் பம்பும் முறியும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அப்படிச் செய்தும் முறிந்தது என்றால் நீங்கள் ஏமாற்றப்பட்டவர், தொடர்ந்து படியுங்கள்.

சீட்டில் அச்சிட்டுவிட்டால் சட்டம் ஆகிவிடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. வியாபார வண்டி என்று உங்களைத் தள்ளிவிடவும் முடியாது: சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைப்பவரும் நுகர்வோர்தான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அசையவில்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

ஆனால் கடிதத்தில் "சீட்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என் வயிற்றைக் கலக்குகிறது. மேலே "எஸ்டிமேட்" என்று இருக்கிறதா? கடைப் பெயர் இல்லாமல், வரி எண் இல்லாமல், கார்பன் தாளில் கிறுக்கிய அந்தத் துண்டுச் சீட்டு நம் ஊர்க் கடைகளில் பில்லின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது. "பில் வேண்டுமானால் வரி தனியாக வரும்" என்பார்கள். நாமும் மிச்சம் என்று மகிழ்ந்து வருவோம். மிச்சம் நமக்கா? அவர் வரியையும் கட்டவில்லை, பொறுப்பையும் ஏற்கவில்லை. பொருள் கெட்டால், நம்மிடம் விற்றதற்கே சாட்சி இல்லை.

உபதேசிப்பவனின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் மஞ்சளேறிய அட்டைப் பெட்டியில், மெழுகுத்தாள் பிரிக்காத ஒரு பம்பைக் காட்டினார்கள். "அந்தக் காலத்துச் சரக்கு, இனி வராது." மயங்கிவிட்டேன். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும் என்பது எனக்கு உறைக்கவில்லை. கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் வண்டி விக்கி நின்றது. பம்பின் அடியில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால், டயஃப்ரம் காய்ந்த அப்பளம்போல விரலில் நொறுங்கியது. திரும்பப் போய்க் கேட்டேன். "பில் இருக்கிறதா?" என்றார். சட்டைப்பையில் இருந்தது எஸ்டிமேட்.

உங்களிடம் இருப்பதும் அதுதான் என்றாலும் கிழித்துப் போடாதீர்கள். ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும், முறிந்த கையையும், பெட்டியையும் படம் எடுத்து வையுங்கள். பெட்டியில் தயாரித்தவர் பெயரும் மாதமும் வருடமும் அதிகபட்ச விலையும் இல்லையென்றால், அதையும் புகாரில் ஒரு வரியாகச் சேருங்கள்.

கேள்வி: வெயிலில் ஓட்டினால் வண்டி நின்றுவிடுகிறது, அரை மணி நேரத்தில் தானே கிளம்புகிறது. புதுப் பம்ப் வாங்கட்டுமா? — நாங்குநேரி

பதில்: பைப்பில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது. அடுத்த முறை நின்றால் ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிப் பாருங்கள். உடனே கிளம்பினால், எக்ஸாஸ்டை ஒட்டி ஓடும் பெட்ரோல் பைப்பைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். பம்புக்கு வைத்திருந்த பணம் பையிலேயே இருக்கட்டும்.