வண்டலூர் போறவங்க கேட்டதும் பதிலும்

புதுவை, கடலூர் பக்கமிருந்து அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்களின் கேள்விகள்.

முதலியார்பேட்டையிலிருந்து: ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போறோம் சார். எந்த பஸ்ல ஏறணும்?

திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகக் கிளாம்பாக்கம் போகிற வண்டி. சுமார் மூன்று மணி நேரம். இறங்கியதும் தாம்பரம் பக்கம் போகும் மாநகரப் பேருந்தைப் பிடித்தால், இரண்டு மூன்று கிலோமீட்டரில் பூங்கா வாசல்.

பலர் ஏமாறுவது ஊர்ப் பெயரில்தான். கிளாம்பாக்கம் ஜிஎஸ்டி சாலையில் (சென்னை–திண்டிவனம் நெடுஞ்சாலை), கேளம்பாக்கம் ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை). செல்போனில் ஓரிரு எழுத்து மாறினால் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். ஏறும்போதே நடத்துநரிடம் 'திண்டிவனம் வழிதானே?' என்று கேட்டுவிடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: ரயில்ல வந்தா?

தாம்பரத்தில் இறங்கி செங்கல்பட்டு மார்க்க மின்ரயில். பெருங்களத்தூருக்கு அடுத்தது வண்டலூர். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, நினைவிருக்கட்டும்.

வில்லியனூரிலிருந்து: எங்க பாட்டி 'உயிர் காலேஜ்'னு சொல்றாங்க. அது இதுதானா அண்ணா?

அதேதான் தம்பி, இடம்தான் வேறு. 1855இல் எழும்பூர் அருங்காட்சியகப் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் அந்த வளாகத்திலேயே தொடங்கியது. பிறகு சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவுக்குப் போனது. பதப்படுத்திய உடல்கள் இருந்த மியூசியம் 'செத்த காலேஜ்', இது 'உயிர் காலேஜ்'. இடம் போதாமல் 1985இல் வண்டலூர் காட்டுக்கு மாறியது. இன்று 602 ஹெக்டேர். முழுக்க நடந்தே பார்ப்பேன் என்று பாட்டியைக் கூட்டிப் போகாதீர்கள். பேட்டரி வண்டிக்கு முதலிலேயே சீட்டு வாங்குங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: போன தடவை புலியே கண்ணுல படல. ஏன்?

எத்தனை மணிக்குப் போனீர்கள்? பதினொன்றுக்கு மேல் என்றால் அது புதரடியிலோ தண்ணீரிலோ படுத்திருக்கும். காலை 9 மணிக்கே உள்ளே இருங்கள். மாமிச உண்ணிகளை முதலில் பாருங்கள், பாம்பையும் முதலையையும் வெயிலுக்கு விட்டுவையுங்கள். சாயங்காலம் புலி வாசலோரம் முன்னும் பின்னும் நடந்தால், பெரும்பாலும் இரவுக் கூண்டுக்கும் இறைச்சிக்கும் காத்திருக்கிறது என்று பொருள்.

லாஸ்பேட்டையிலிருந்து: வெள்ளைப்புலியைக் காப்பாத்துறதுதான் இங்க பெரிய வேலையா?

இல்லை. அது தனி இனமே அல்ல, நிறம் மாறிய வங்கப் புலி. 1951இல் மத்தியப் பிரதேசத்து ரீவாவில் பிடிபட்ட 'மோகன்' என்ற ஒற்றைக் குட்டியின் வம்சத்தை உறவுக்குள்ளேயே பெருக்கியதால் மாறுகண் போன்ற குறைகள் வருகின்றன. கூட்டம் என்னவோ அங்கேதான் மொய்க்கிறது. இந்தப் பூங்காவின் உண்மையான வேலையைப் பார்க்க சிங்கவால் குரங்கிடம் போங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. அதன் இனப்பெருக்கத் திட்டத்துக்கு நாட்டளவில் ஒருங்கிணைப்பு வண்டலூர்தான். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அடுத்ததற்குச் சில வருடம்; எண்ணிக்கை சட்டென்று ஏறாது.

அதே நண்பர்: நீலகிரி கருமந்தியும் கறுப்புதானே, எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

வாலைப் பாருங்கள். சிங்கவாலுக்கு வால் குட்டை, நுனியில் குஞ்சம். முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. கருமந்திக்கு உடம்பைவிட நீண்ட வால், குஞ்சமில்லை, தலை மட்டும் பழுப்பு. பிறந்த சிங்கவால் குட்டிக்குப் பிடரி இராது, குழம்பாதீர்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: பிள்ளைங்க ஆசைக்கு ஒரு பிஸ்கெட் போட்டா என்னக்கா?

வேண்டாம்மா. கருமந்திக்கு இலை செரிக்கிற வயிறு. மாவும் சர்க்கரையும் போனால் புளித்து உப்பிவிடும். கல்லெறிவதும் சீண்டுவதும் வனவிலங்குச் சட்டத்தின் 38ஜே பிரிவில் குற்றம். பிஸ்கெட்டை வீட்டிலேயே தீர்த்துவிட்டு வாங்க.