வெளிமாநிலத் தொழிலாளர், வெளியூர் வேலை: கிருஷ்ணகிரி, தர்மபுரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஓசூர், லேத் பட்டறை: நம்மூர் ஆள் ஆறு பேர், கான்ட்ராக்டர் அனுப்பிய ஒடிசா ஆள் ஐந்து பேர். இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கட்டாயமா?

கட்டாயம். கான்ட்ராக்டர் ஆளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும், பத்தைத் தாண்டிவிட்டீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25. "நிற்கிறானா பார்ப்போம்" என்று பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். மெஷின் பழகாத அந்த நாட்களில்தான் கைக்கு ஆபத்து. நோய்க்கான பணப்பலன் கேட்க ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா வேண்டும். வேலையில் அடிபட்டால் அந்த நிபந்தனை இல்லை. ஊரில் இருக்கும் மனைவி, பிள்ளைகளையும் பதிவில் சேருங்கள். அவர்கள் அங்குள்ள இஎஸ்ஐயிலேயே வைத்தியம் பார்க்கலாம்.

பெயரை ஆதாரில் உள்ளபடி எழுத்து மாறாமல் ஏற்றுங்கள். நம் வழக்கப்படி இனிஷியல் போட்டுச் சுருக்கினால், பிஎஃப் எடுக்கப் போகும்போது மாட்டிக்கொள்வார்.

பர்கூர்: பீகார் ரேஷன் அட்டை இங்கே செல்லுமா?

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டை, ஆதாரோடு இணைந்திருந்தால் செல்லும். 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. தன் பங்கை மட்டும் இங்கே வாங்கலாம். மீதியைக் குடும்பம் ஊரில் வாங்கிக்கொள்ளும்.

ஊத்தங்கரை, செங்கல் சூளை: ஆளுக்கு 40,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். சீசன் நடுவில் போய்விடாமல் இருக்க ஆதாரை வாங்கி வைக்கலாமா?

கூடாது.

மத்தூர்: அப்படியானால் பணத்தைக் கொடுத்தவன் கதி? ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டால்?

நியாயமான கவலைதான். ஆனால் அட்வான்ஸ் வேறு, ஆளைக் கட்டிப்போடுவது வேறு. அட்வான்ஸைக் காட்டி வெளியே போகவிடாமல், வேறு வேலைக்கு மாறவிடாமல் வைத்தால் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கொத்தடிமை முறை. கடன் அங்கேயே ரத்து. மூன்று ஆண்டு வரை சிறை. கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொடுத்தவர் தலையில். குறைந்தபட்ச கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று ஏசியாட் (டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சூளையில் கோளாறு தொடங்குவது கணக்கில். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று புருஷன் பெயரில் மட்டும் எழுதுகிறார்கள். மண் குழைப்பதும் கல் புரட்டுவதும் மனைவியும்தான். இருவருக்கும் தனித்தனியே குறைந்தபட்ச கூலி வருகிறதா என்று பாருங்கள். அட்வான்ஸைச் சிறிதாகக் கொடுங்கள். எழுதிக் கொடுத்து, வாரம் எவ்வளவு கழிகிறது என்பதை அவர் பாஷையில் படித்துக் காட்டுங்கள். மழையில் கல் கரைந்தால் அந்த நஷ்டத்தை அவர் கணக்கில் ஏற்றாதீர்கள். கூலி ஒழுங்காக வரும் இடத்தை விட்டு எதற்கு ஓடப்போகிறார்?

பாலக்கோடு: அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் ஆதாரை வைத்துக்கொள்ளலாமா?

மேலே சொன்னதுதான். கையெழுத்தும் காப்பாற்றாது.

பென்னாகரம்: பெங்களூரில் கட்டட வேலை. கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் எந்த மாநிலத்தில் பதிவது?

வேலை செய்யும் மாநிலத்தில், அதாவது கர்நாடக நலவாரியத்தில். வயது 18 முதல் 60க்குள், கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். மேஸ்திரியிடம் வேலை முடிகிற அன்றே எழுதி வாங்குங்கள். பிறகு அவரைப் பிடிக்க முடியாது.

அரூர்: துபாய் வேலைக்கு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார்.

பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். டூரிஸ்ட் விசாவில் ஏறாதீர்கள்.

கெலமங்கலம்: ஆதார் ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளுங்கள். அசலை அந்த நிமிடமே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.