ஓடாமல் நின்ற வண்டி

அன்புள்ள ஐயா,

என்னிடம் 1971ஆம் வருடத்து எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று இருக்கிறது, துணிக் கூரையை மடித்துத் திறந்து ஓட்டும் பிரிட்டிஷ் கார். வாங்கிப் பதினெட்டு வருடம் ஆகிறது. முதலில் கொஞ்ச காலம் ஆசை ஆசையாக ஓட்டினேன். அப்புறம் வேலை, பிள்ளைகள், முதுகுவலி. கடைசிப் பத்து வருடத்தில் 300 மைல் ஓடியிருந்தால் அதிகம். ஷெட்டில் உறை போட்டு நிற்கிறது. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவேன்.

இப்போது விற்க முடிவு செய்துவிட்டேன். ‘குறைவாக ஓடியது, மிக நல்ல நிலை என்று போடு, மீதியை வருகிறவர் பார்த்துக்கொள்வார்’ என்கிறார் நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் கீழே தகட்டில் இரண்டு இடத்தில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. கூரையின் பிளாஸ்டிக் பின்ஜன்னல் மஞ்சளாகிவிட்டது. இதையெல்லாம் எழுதினால் யாருமே வரமாட்டார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. ஓடாமல் இருந்தது ஒரு நல்ல விஷயம்தானே? எப்படி எழுதுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஓடாமல் நின்றது நல்ல விஷயம் இல்லை. உங்கள் வண்டியின் குறைகளைப் பட்டியல் போட்டால் அதுதான் முதலில் வரும். கொப்பளித்த பெயிண்ட்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பல வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு கூரை திறக்கும் பழைய கார் வாங்கினேன். ‘மிகக் குறைவாக ஓடியது, எப்போதும் ஷெட்டுக்குள்ளேயே நின்றது’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டும் உண்மைதான். வாங்கிய முதல் வாரம் ஒரு சரிவில் பிரேக்கை மிதித்தேன். காலை எடுத்த பிறகும் முன்சக்கரம் ஒன்று பிடியை விடவில்லை. கருகிய வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு. கழற்றியபோது, பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தது. விற்றவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டிய ஒரே தகவலை அவர் பெருமையாக எழுதியிருந்தார், நானும் அதைப் பெருமையாகவே படித்தேன். அந்தச் சரிவை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டி நின்றால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ‘டாட் 4’ என்ற தரத்துப் புதிய பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அந்த ஈரம்தான் உள்ளே இரும்பையும் தின்கிறது. பெட்ரோல் பழசாகிக் கார்புரேட்டருக்குள் பிசின்போல் படிகிறது. கிளட்ச் தட்டு, இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. உங்கள் வண்டியில் இருக்கும் மின்சாரப் பெட்ரோல் பம்பில், மின்சாரம் தொட்டுத் தொட்டு விடும் பாயிண்ட்டுகள் கறுத்துப்போய், சாவி போட்டால் வழக்கமான ‘டிக் டிக்’ சத்தம் வராமல் போகலாம். ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டினால் உயிர் வரும். எம்ஜிபி வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்தத் தட்டு பழக்கம்தான். நீங்களும் தட்டித்தான் ஸ்டார்ட் செய்கிறீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள்.

மாதம் பத்து நிமிடம் ஓடவிட்டதைப் பெரிய பராமரிப்பாகக் காட்ட வேண்டாம். அன்போடு செய்திருக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் இன்ஜின் ஆயில் சரியாகச் சூடேறாது. எரிந்ததில் உண்டாகும் தண்ணீர் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும். நடந்ததை நடந்தபடி, ‘மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தேன், சாலையில் ஓட்டவில்லை’ என்று எழுதினால் விஷயம் தெரிந்தவருக்கு அது போதும்.

டயருக்கு வருவோம். பட்டன் நிறைய இருக்கும், பார்க்கப் புதுசுபோல இருக்கும். பக்கவாட்டில் DOT என்ற ஆங்கிலக் குறியோடு வரும் எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3109 என்றிருந்தால் 2009ஆம் வருடம் 31ஆவது வாரத்தில் செய்த டயர். மூன்றே இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000க்கு முந்தையது. அந்த டயரில் யாரையும் ஓட்டிப் பார்க்க விடாதீர்கள். ‘டயர் நன்றாக இருக்கிறது’ என்று எழுதாமல் அந்த எண்ணையே எழுதிவிடுங்கள்.

இனி அந்தக் கொப்பளம். இதை நீங்கள் லேசாகச் சொல்லிவிட்டீர்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. எம்ஜிபிக்குச் சேஸிஸ் என்று தனி அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டம். மேலே தகட்டுக் கூரையும் இல்லாததால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்தத் தகட்டுப் பகுதிதான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. துரு உள்ளிருந்துதான் வெளியே வரும். மேலே காசளவுக்குக் கொப்பளம் தெரிந்தால் உள்ளே கையளவுக்குப் போயிருக்கலாம். சமதரையில் நிறுத்தி, கதவை மூடிக்கொண்டு, கதவின் பின்விளிம்பில் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே நெருங்கி, கீழே விலகியிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இருக்கைகளுக்குப் பின்னால் மூடியைத் திறந்து, இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளும் உட்காரும் தொட்டிகளையும் பாருங்கள். பேட்டரியைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் கீழே தரை தெரிந்தாலும் ஆச்சரியமில்லை.

விற்பதற்கு முன் அதை டிங்கரிடம் கொடுத்துப் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். கொப்பளம் இருக்கும் தகட்டை வாங்குபவர் நம்பலாம். நேற்று பெயிண்ட் அடித்த தகட்டை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. பிரேக் மட்டும் வேறு விஷயம். ஓட்டிப் பார்க்கக் கொடுப்பதாக இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் ‘ஓட்டிப் பார்க்கும் நிலையில் இல்லை, டிரெய்லரில்தான் கொண்டுபோக வேண்டும்’ என்று எழுதுங்கள்.

எழுதும்போது எனக்குத் தெரிந்தது, நான் செய்தது, எனக்குத் தெரியாதது என்று மூன்றையும் கலக்காமல் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதத்தான் எல்லாரும் தயங்குகிறோம். உதாரணமாக மைல் கணக்கு. அந்தக் காலத்து மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கம்தான், 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். உங்களுக்கு முன்பு எத்தனை சுற்று போனதென்று ரசீது இல்லாமல் நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்? எண்களை நான் கற்பனையாகப் போடுகிறேன், நீங்கள் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்:

‘1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், 1798 சிசி. 18 வருடமாக என்னிடம் இருக்கிறது. மீட்டர் இப்போது 62,400. நான் வாங்கியபோது 58,100. அதற்கு முந்தைய கணக்கு எனக்குத் தெரியாது. கடைசிப் பத்து வருடத்தில் 300 மைலுக்கு மேல் ஓடவில்லை, ஷெட்டில் நின்றது. அதனால் பிரேக், டயர், ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணியே வாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் கீழே இரண்டு இடத்தில் துருக் கொப்பளம், படம் இருக்கிறது. உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியாது. காந்தம், டார்ச், ஜாக்கி கொண்டுவந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். கூரையின் பின்ஜன்னல் மஞ்சள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. நீங்கள் வரும்போது அது சூடாக இருக்காது.’

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தவறாமல் காப்பாற்றுங்கள். ஆள் வருவதற்கு முன்பே ஓடவிட்டுத் தயாராக வைப்பது பழைய தந்திரம். குளிர்ந்த இன்ஜின் எப்படி எழுகிறது, முதலில் என்ன புகை வருகிறது என்பதை வாங்குபவர் தன் கண்ணால் பார்க்கட்டும்.

யாரும் வரமாட்டார்களோ என்ற பயம் நியாயமானதுதான். அழைப்புகள் குறையும், விலையும் ஓரளவு குறையும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இதைப் படித்துவிட்டும் வருகிறவர் தன் வீட்டில் வெல்டிங் மெஷின் வைத்திருப்பவராக இருப்பார், அல்லது வைத்திருப்பவரைத் தெரிந்தவராக இருப்பார். கொப்பளத்தைக் காட்டி உங்களிடம் பாதி விலைக்குப் பேச அவருக்கு வழியில்லை, ஏனென்றால் அதைக் காட்டியவரே நீங்கள்தான். பதினெட்டு வருடம் உங்களோடு இருந்த வண்டி அப்படிப்பட்ட ஒருவரிடம் போக வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன்.

சரி, எழுத உட்காருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கூரையைப் பற்றிச் சொன்னீர்கள், ஆனால் அதைக் கடைசியாக எப்போது மாட்டினீர்கள் என்று சொல்லவில்லை. மடித்தே கிடந்த கூரை சுருங்கிவிடும். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, துணி கொஞ்சம் இளகிய பிறகு, மெதுவாக இழுத்து முன்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிப் பாருங்கள். குளிரில் செய்தால் அந்த மஞ்சள் ஜன்னல் வெடித்துவிடும். எத்தனை விரற்கடை எட்டவில்லை என்று அளந்து, அதையும் விளம்பரத்தில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்