கோத்தகிரியில் பிளஸ் டூ படிக்கும் என் தங்கை சிவில் இன்ஜினியரிங் எடுக்க ஆசைப்படுகிறாள். "பெண்ணுக்கு சைட் வேலை ஒத்து வராது" என்கிறார் மாமா. உண்மையா?

மாமா கொஞ்சம் தாமதமாகச் சொல்கிறார். 18 வயதில், கைக்குழந்தை இருக்கும்போதே கணவனை இழந்து, பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்த அ. லலிதா 1943-இலேயே மின்பொறியியல் முடித்துவிட்டார். அதே கல்லூரியில் சிவில் படித்த பி.கே. த்ரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். பாலமும் சாலையும்தான் அவர் வேலை.

நான் நீலகிரியில் சாலைப் பணிகளில் இருந்தவள். மழையோ சரிவோ பெரிய கஷ்டமில்லை. முதல் சைட்டில் கழிப்பறை இல்லை. அதனால் மதியம் வரை தண்ணீரே குடிக்க மாட்டேன். பாதுகாப்பு ஷூ ஆண்களின் அளவில்தான் வரும். இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு மண்சரிவு பார்க்கப் போயிருக்கிறேன், சிரிக்காதீர்கள். ஒப்பந்ததாரரிடம் எழுதிக் கேட்ட பிறகுதான் தகரக் கழிப்பறை ஒன்று வந்தது. இதெல்லாம் ஏற்பாட்டுக் குறை, பெண்ணின் குறை இல்லை.

அதேபோல், தோடர், கோத்தர், குறும்பர், பணியர் போன்ற பழங்குடி வீட்டுப் பிள்ளைகளும் இந்த வேலைக்கு வர வேண்டும். எந்தச் சரிவில் ஊற்று கிளம்பும் என்பது அங்கேயே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். வடிகால் போடும்போது அதைக் கேட்காமல் விட்டால் சாலைதான் போகும்.

தங்கை 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியா? அப்படியானால் பொறியியல் கலந்தாய்வில் 7.5% உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. படிப்புச் சான்றிதழைப் பள்ளியில் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.