யாழ்ப்பாண மாப்பிள்ளை, மட்டக்களப்பு வீடு: ஒப்பந்தம் எழுதினால் போதுமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: அம்மா சீதனமாக வீடு வளவு தருகிறா, மாப்பிள்ளை யாழ்ப்பாணம், "என்ன நடந்தாலும் வீடு பெண்ணுக்கே" என்று கடதாசியில் முத்திரை ஒட்டி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் செல்லுமா, கலியாணத்துக்குப் பிறகு எழுதினாலும் சரியா?

செல்லாது. காணி, வீடு பற்றிய உடன்படிக்கை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். சமாதான நீதவான் சீல் குத்தியிருந்தாலும் அது வெறும் கடதாசிதான்.

உங்களுக்குத் தேவை ஒப்பந்தமே இல்லை, உறுதி, அதாவது சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம். கலியாணத்துக்கு முன்பே அம்மா உங்கள் பெயரில் மட்டும் நன்கொடை உறுதி எழுதட்டும், அதை ஏற்றுக்கொள்வதாக நீங்களும் அதிலேயே கையெழுத்துப் போடுங்கள், ஏற்காத நன்கொடை நிற்காது. மாப்பிள்ளை வீட்டார் முகம் கோணக்கூடாது என்று இருவர் பெயரிலும் எழுதிவிட்டுப் பிறகு அழுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. அம்மா தனக்குச் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொள்வது நல்லது. உறுதி காணிப் பதிவகத்தில் பதிவாகியதா என்றும் பாருங்கள்.

இனி, நீங்கள் கேட்காத விஷயம். மட்டக்களப்பின் பழைய முக்குவர் சட்டம் 1876இலேயே போய்விட்டது, இங்குள்ள தமிழருக்குப் பொதுச் சட்டம், அதில் மனைவி தன் சொத்தைக் கணவரைக் கேட்காமலே விற்கலாம். ஆனால் மாப்பிள்ளை தேசவழமைக்கு, அதாவது வடக்குத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்டவர் என்றால் திருமணம் நிலைக்கும்வரை நீங்களும் அதற்குள் வந்துவிடுவீர்கள். வீடு உங்களுடையதுதான், அந்த வீட்டைத் திருத்தப் பட்ட கடன் போன்றவை தவிர அவருடைய கடனுக்கும் அது பொறுப்பில்லை, ஆனால் விற்கவோ ஈடு வைக்கவோ அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் போகலாம். மரண சாசனம் எழுத மட்டும் அவர் சம்மதம் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்ததால் மட்டும் தேசவழமை ஒட்டிக்கொள்ளாது, நிரந்தரக் குடியிருப்பு வடக்கிலா என்பதுதான் கேள்வி, அதனால் குடும்பம் எப்போது, எங்கே குடியேறியது என்று விசாரித்து நொத்தாரிசிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

கலியாணத்துக்குப் பிறகு அம்மா எழுதினாலும் உறுதி செல்லும், ஆனால் மாப்பிள்ளையிடம் கையெழுத்துக் கேட்பதெல்லாம் அப்போது வீட்டுச் சண்டையில்தான் முடியும். நகைக்குப் பட்டியல், காசுக்கு உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, அது போதும். பிள்ளைகள் யாரிடம், செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்தாலும் நீதிமன்றம் பிள்ளையின் நலனைத்தான் பார்க்கும்.

அப்புறம், வளவு பெர்மிட் காணியா, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா? அப்படியென்றால் நொத்தாரிசிடம் போகுமுன் பிரதேச செயலகத்துக்குப் போங்கள், அவர்கள் அனுமதியில்லாமல் அம்மா எழுதிக் கொடுக்கும் உறுதி செல்லாது.